வியாழக்கிழமைத் தராசு

பத்திரிகையில் விளையாட்டு எதிர்வுகூறல் எழுதுகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இன்றைக்கும் அப்படித்தான். சனிக்கிழமை யார் வெல்வார்கள் என்று வெள்ளிக்கிழமை காலையில் தங்கள் படத்தையும் போட்டு எழுதுவார்கள். அது பிழையாகிப்போனால், திங்கட்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல வேறொன்று எழுதுவார்கள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா? எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில் அப்படி ஒரு நிபுணன் இருந்தான். எங்கள் நெட்டையனைப் பற்றி அவன் எழுதிய நாலு வரியில்தான் இந்த வினை தொடங்கியது.

நான் அப்போது நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு டயர் தொழிற்சாலையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நீராவி அச்சில் அவிந்து வருகிற டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வெண்கட்டியால் அடையாளம் போடுவதுதான் என் தொழில். முதல் சில மாதங்கள் தேநீர் அறையில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. கெட்ட மனம் என்று சொல்லமாட்டேன், அவர்களுக்கு என்னோடு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அங்கே கிழமை முழுவதும் ஒரே கதைதான்: புட்போல். நமக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்து, இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பம், உதைக்கலாம், கையால் குத்தலாம், ஆளுக்கு மேலே ஆள் ஏறிப் பிடிக்கலாம். முதல் தடவை பார்த்தபோது இது விளையாட்டா கலவரமா என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த அறையில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது நெட்டையனால்தான். அந்தக் காலத்தில் பெரிய கிளப்புக்கு விளையாடுகிறவர்களும் பகலில் எங்கேயாவது வேலை செய்தார்கள். அவன் எங்கள் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் இருந்தான். சனிக்கிழமைகளில் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, உயரப் பாய்ந்து பந்தைப் பிடித்துக் கோல் அடிக்கிறவன். ஆறடிக்கு மேலே நல்ல உயரம். நெட்டையன் என்பது நான் வீட்டில் என் மனுசிக்குச் சொல்வதற்காக வைத்த பட்டம். ஒரு குளிர்காலத் திங்கட்கிழமை, மூலையில் தனியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த என் கழுத்தில் கிளப்பின் கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு, "இனி நீ எங்கட ஆள், மச்சான்" என்றான். இங்கிலீசில்தான் சொன்னான். எனக்கு அது இப்படித்தான் கேட்டது.

அதன் பிறகு நான் சும்மா இருப்பேனா? ஒரு வருடத்துக்குள் வாய்காட்டுகிறவர்களில் முதல் ஆள் நானாகிவிட்டேன்.

அந்த வருடம் எங்கள் கிளப்புக்குச் சனி பிடித்திருந்தது. சனிக்கு சனி தோல்வி. திங்கட்கிழமை தேநீர் அறை செத்தவீடு மாதிரிக் கிடக்கும். அப்படி ஒரு திங்களில்தான் அந்த நிபுணன் எழுதினான்: நெட்டையனுக்கு வயது போய்விட்டது, கால் எழும்புவதில்லை, இப்போதே அவனை வேறு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு அவர்களிடம் இருக்கும் இளம் பெடியனை வாங்குவதுதான் புத்தி.

பத்திரிகையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு கம்பளித் தொப்பிக்காரர் தொடங்கினார். இவர் மூத்த தொழிலாளி, கிளப்பின் நிறத்தில் பின்னிய தொப்பியைக் கோடையிலும் கழற்றமாட்டார்.

"நான் போன வருசமே சொன்னனான். முழங்கால் முடிஞ்சுது. இப்ப குடுத்தால் ஒரு பெடியனாவது வரும். அடுத்த வருசம் சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் வாங்கான்."

"என்ன, மாடோ விக்கிறியள்?" என்றேன்.

"பிழை பயிற்றுனரில," என்றான் டயர் அச்சு இயந்திரத்தில் வேலைசெய்த மால்டாக்காரன். "பந்து போனால்தானே அவன் அடிப்பான்? நடுவில நிக்கிறவங்கள் எல்லாரும் நித்திரை."

"கோல் கணக்கை மட்டும் பாக்காதேங்கோ," என்று நான் மேசையில் தட்டினேன். "அவன் நிண்டால் எதிர்ப்பக்கத்தில ரெண்டு பேர் அவனைக் காவல் காக்கினம். மற்றவனுக்கு வெளி கிடைக்குது. அந்த வெளிக்கு என்ன விலை? உந்த நிபுணன் ஒரு நாளாவது குனிஞ்சு பந்தை எடுத்திருப்பானோ?"

தொப்பிக்காரர் சிரித்தார். "உனக்கு அவன் சால்வை தந்தவன். நீ அப்பிடித்தான் சொல்லுவாய்."

அந்த நேரம் பார்த்து நெட்டையன் உள்ளே வந்தான். எல்லோரும் எங்கள் தேத்தண்ணியைக் குனிந்து பார்த்தோம். அவன் பத்திரிகையைக் கண்டான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு சலாது இலை, ஒரு அவித்த முட்டை. அந்த உடம்புக்கு! வழக்கமாக, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' இரண்டு சாப்பிடுகிறவன். அடுத்த நாளும் அதே இலை, அதே முட்டை.

வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னேன். அவள் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"ஐயோ பாவம். மனக்கவலையில சாப்பாடு இறங்காது. இல்லாட்டி வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"எனக்கென்ன தெரியும்?"

"என்னப்பா, நீங்களும் ஒரு மனுசனே? உங்களுக்குச் சால்வை போட்டவன் பட்டினி கிடக்கிறான், நீங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறியள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மறுநாள் புதன்கிழமை. ஒருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து, களஞ்சிய யன்னலில் போய் நெட்டையனைப் பின்னேரச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவன் ஏதோ சொல்ல வாய் எடுத்தான். பிறகு, "நன்றி மச்சான், வாறன்" என்றான். நம்மவர்களைப் போல அவனுக்கும் வெட்கம், கூச்சம் என்று நான் நினைத்தேன்.

மனுசி அன்றைக்குச் செய்த சமையலை நான் இன்னும் மறக்கவில்லை. ஊரில் இருந்து கப்பல் பார்சலில் வந்த மிளகாய்த்தூளை நாங்கள் சிக்கனமாக எடுப்போம். அன்றைக்கு அவள் கை கணக்குப் பார்க்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம், கடையில் விற்கும் காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்து ஒரு சம்பல். கடைசியில் சவ்வரிசிப் பாயாசம்.

நெட்டையன் குனிந்து வாசலுக்குள் வந்து, எங்கள் சின்ன மேசையில் முழங்காலை மடக்கி அமர்ந்தான். மனுசி அவன் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்தாள். அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தான். எங்கள் வீடுகளில் சாப்பாட்டுக் கோப்பை வெறுமையானால் இன்னும் போடு என்றுதானே அர்த்தம்? அவள் போட்டாள். அவன் அதையும் துடைத்துச் சாப்பிட்டான். அவள் மீண்டும் போட்டாள். போதும் என்றால் கோப்பைக்கு மேலே கையை விரித்து மறிக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவன் வளர்ந்த வீட்டில், போட்டதை மிச்சம் விடாமல் முடிப்பதுதான் மரியாதையாம். அவன் தன் மரியாதையைக் காட்ட, அவள் தன் மரியாதையைக் காட்ட, சோற்றுப் பானை அடி தெரிந்தது. அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. உறைப்பு என்று நாங்கள் சிரித்தோம்.

அவன் போன பிறகு மனுசி வெறும் சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாத்தியளே, எவ்வளவு பசி அந்தப் பிள்ளைக்கு," என்றாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளை அவ்வளவு சந்தோசமாக நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலைத் தேநீருக்கு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். நீங்கள் அவனைக் குறை சொன்னீர்கள், நான் அவனுக்குச் சோறு போட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஆட்டிறைச்சி, பாயாசம், மூன்று தரம் சோறு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன்.

தொப்பிக்காரரின் முகம் வெளிறிப்போனது.

"அடப் பாவி, என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

அவருடைய தமக்கையின் மகன் கிளப்பில் வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறவன். அவன் மூலம் அவருக்கு உள்வீட்டுக் கதை எல்லாம் வரும். நிபுணன் எழுதிய அன்று விடியவே, வேலைக்கு வர முதல், பயிற்றுனர் நெட்டையனைக் கூப்பிட்டு ஒரு நிறையைச் சொல்லியிருக்கிறார். வியாழன் பின்னேரம் பயிற்சிக்கு முதல் தராசில் ஏற வேண்டும். சொன்ன நிறைக்கு மேலே நின்றால் சனிக்கிழமை அணியில் இடமில்லை. சனிக்கிழமை இல்லை என்றால் அடுத்த வருடமும் இல்லை. அவன் வயதில் வேறு கிளப்பும் எடுக்காது. பள்ளிக்கூடக் காலம் தொட்டு அவனுக்குத் தெரிந்தது அந்தப் பந்து ஒன்றுதான். அதற்காகத்தான் அந்தச் சலாது இலை.

"ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீ சோறு போடப் போறாய் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று அவரும் கத்தினார்.

மத்தியானம் நெட்டையனைத் தேடி ஓடினேன். களஞ்சியத்தில் ஆள் இல்லை. டயர் அவிக்கிற பகுதியில் இருந்தான். அங்கே நீராவி அச்சுகள் வரிசையாக நிற்கும்; கோடையில் நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். அவன் இரண்டு கம்பளிச் சட்டை போட்டு, அதற்கு மேலே ரப்பர் மழைக்கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அச்சுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் அங்கும் இங்குமாக ஓடிக்கொண்டிருந்தான். முகம் இரத்தச் சிவப்பு. கோட்டின் கையில் இருந்து வியர்வை சொட்டியது.

"நிறை இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவன் நிற்காமல் ஓடிக்கொண்டே சொன்னான். "உன்ர மனுசி அவ்வளவு சந்தோசமாப் போட்டா, மச்சான். எப்பிடி நிப்பாட்டுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"கையை இப்பிடி மறிக்க வேணும்," என்று கையை விரித்துக் காட்டினேன். அந்த நேரத்தில் அதைக் காட்டி என்ன பிரயோசனம்? அவன் ஓட்டத்திலேயே தன் கையை விரித்து, "இப்பிடியோ?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

தொப்பிக்காரரும் மால்டாக்காரனும் பின்னாலே வந்துவிட்டார்கள். அந்த வருடம் முழுவதும் நெட்டையனைத் தூக்கு தூக்கு என்று கத்திய அதே தொப்பிக்காரர், வெப்பம் வெளியே போகாமல் கதவைச் சாத்திவிட்டுக் காவல் நின்றார். மால்டாக்காரன் துவாய் கொண்டுவந்தான். நெட்டையனின் களஞ்சிய வேலையை நாங்கள் மாறி மாறிப் பார்த்தோம். வாய் காய்ந்து அவன் தண்ணீர் கேட்டான். தொப்பிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "துணியை நனைச்சு உதட்டில வை, விழுங்காதை" என்றார். வேலை முடிகிற சங்கு ஊதியபோது நெட்டையனுக்குச் சப்பாத்து நூல் கட்டக் குனிய முடியவில்லை. நான் கட்டிவிட்டேன். அவன் என் தோளில் தட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போனான்.

நான் வீட்டுக்குப் போய் மனுசியிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவள் அடுத்த முறை அவனுக்கு இடியப்பம் அவிக்கலாமா, பிட்டு அவிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் வீட்டுச் சாமிப்படம் அலுமாரித் தட்டில் இருந்தது. முருகா, இந்த ஒரு தராசை மட்டும் கொஞ்சம் கண்ணை மூடி விடு என்று அதற்கு முன்னால் போய் நின்றேன். மெல்பேர்னில் அப்போது கும்பிட வேறு இடம் ஏது?

வெள்ளிக்கிழமை காலை பத்திரிகையை என்னைவிட முதல் அவள் எடுத்துவிட்டாள். நான் முகம் கழுவிவிட்டு வரும்போது குசினிக் கதிரையில் அசையாமல் இருந்தாள். நிபுணன் பெரிய எழுத்தில் எழுதியிருந்தான்: நெட்டையன் அணியில் இல்லை, நேற்றுத் தராசில் ஏறியபோது ஒரு இறாத்தல், அதாவது அரைக்கிலோ அளவு, கூடுதல், தன் உடம்பைக் கவனிக்காத வீரனுக்குக் கிளப் நல்ல பாடம் படிப்பித்திருக்கிறது. அவனுக்குப் பதிலாக நிற்கப்போவது இரண்டாம் அணியில் இருந்த ஒரு அனுபவமில்லாத பொடியன், ஆகவே எங்கள் கிளப் தோற்கும் என்றும் எதிர்வு கூறியிருந்தான்.

"ஒரு இறாத்தல்," என்றாள் மனுசி. "ஒரு பாண் அளவு."

"விடும் அதை."

"கடைசியா ரெண்டு அகப்பை போட்டனான். அவர் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இஞ்சருங்கோ, அந்த ரெண்டு அகப்பைதான்."

"உம்மட சோறில்லை. இவங்கள் எப்பவோ முடிவெடுத்திட்டாங்கள்," என்று கத்தினேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை. மழைக்கோட்டுக்குள் அவன் ஓடியது என் கண்ணுக்குள் நின்றது. அவள் எழுந்து போய், மிச்சம் இருந்த மிளகாய்த்தூள் போத்தலை அலுமாரியின் பின்பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

சனிக்கிழமை போகாமல் விட்டிருக்கலாம். கால் கேட்கவில்லை. மைதானத்தின் வெளிப்பக்கத்தில், சேற்றுக்குள், மற்றவர்களைப் போல வெறும் பியர் தகரங்களை அடுக்கி அதன்மேல் ஏறி நின்றோம். முன்னால் நிற்பவனின் தலைக்கு மேலால் பார்க்க அதுதான் வழி. நெட்டையனின் இடத்தில் அந்தப் பொடியன் நின்றான். நோஞ்சான், காற்று அடித்தால் விழுவான். அவன் தவறவிட வேண்டும் என்று நான் வேண்டினேன். என் சொந்தக் கிளப் தோற்க வேண்டும் என்று வேண்டினேன். கேட்டீர்களா? அப்படி ஒரு நிலைமை.

பொடியன் பிடித்தான். அடித்தான். திரும்பவும் அடித்தான். கடைசிச் சங்கு ஊதும்போது நாங்கள் வென்றிருந்தோம். எத்தனையோ சனிக்கிழமைகளுக்குப் பிறகு முதல் வெற்றி. தொப்பிக்காரர் தன் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அவருக்கு வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் கத்தினேன். பொய் சொல்வானேன், தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு தகரத்தில் இருந்து இறங்கி, சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை நிபுணன் என்ன எழுதினான் தெரியுமா? நெட்டையனை நீக்கிய துணிச்சலான முடிவுக்குக் கிடைத்த பலன், இதைத்தான் தான் ஆரம்பம் முதல் சொல்லிவந்ததாம். தோற்கும் என்று எழுதிய கையால் எழுதுகிறான்! அந்தப் பத்திரிகையை நான் சுருட்டிக் குப்பையில் போட்டேன். அன்றைக்குத் தேநீர் அறையில் பொடியனின் விலை என்ன, வேறு கிளப்புகளிடம் இருந்து அவனை எப்படிக் காப்பாற்றுவது என்று தொடங்கிய மால்டாக்காரனை, "பேசாமல் தேத்தண்ணியைக் குடி" என்று தொப்பிக்காரர் அடக்கிவிட்டார். நெட்டையன் அன்றும் அடுத்த நாளும் வேலைக்கு வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கதவில் தட்டுக் கேட்டது. திறந்தால் நெட்டையன். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம், தன் வீட்டு மரத்துக் காயாம். மனுசி குசினி வாசலில் வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"கிளப்பில சொல்லிப்போட்டினம்," என்றான். "அடுத்த வருசம் நான் தேவையில்லையாம். வேற ஒருத்தரும் கேக்கேல்லை."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"மிஸிஸ், பேப்பரில கிடக்கிறதை நம்பாதேங்கோ. பயிற்றுனர் எனக்குத் திங்கட்கிழமையே சொல்லிப்போட்டார், நீ இல்லையெண்டு. தராசெல்லாம் பேப்பர்காரருக்குக் காட்டின கூத்து. அதுதான் நான் அண்டைக்கு நிம்மதியாச் சாப்பிட்டனான்."

மனுசி என்னைப் பார்த்தாள். உண்மையா என்று கேட்கிற பார்வை. அவிக்கிற பகுதிக்குள் அவன் ஓடியதையும், நனைத்த துணியை உதட்டில் வைத்ததையும் அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. "ஓம், நான் அப்பவே சொன்னனானெல்லே," என்றேன். நெட்டையன் என் பக்கம் திரும்பவில்லை.

அவள் முகத்தில் உயிர் வந்தது. ஓடிப்போய்ப் பின்னால் தள்ளி வைத்த தூள் போத்தலை எடுத்தாள். அவசர அவசரமாக முட்டைக் குழம்பும் பருப்பும் வைத்துச் சோறு ஆக்கினாள். நெட்டையன் அதே மேசையில், அதே மாதிரி முழங்காலை மடக்கி அமர்ந்து சாப்பிட்டான். மெதுவாகச் சாப்பிட்டான். அவனுக்குப் பசியில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கோப்பை வெறுமையானது.

மனுசி அகப்பையோடு வந்தாள். அவனுடைய பெரிய கை மேசையில் இருந்து எழும்பியது. விரல்களை நான் காட்டிக் கொடுத்த மாதிரியே விரித்தான். அவள் தயங்கி நின்றாள். அந்தக் கை கோப்பைக்கு மேலே போகாமல் அரைவாசியில் நின்றது. பிறகு இறங்கி மேசைக்குக் கீழே அவன் மடியில் போய் இருந்தது.

"போடுங்கோ மிஸிஸ்," என்றான். "இனி என்னை நிறுக்க ஒருத்தரும் இல்லை."